அம்மாவுக்கு மின்வலிப்புச் சிகிச்சை: குடும்பத்தார் முடிவெடுப்பது எப்படி?

கேள்வி (மன்னார்குடி):
அப்பா காலமானதிலிருந்து அம்மாவைக் கடும் மனச்சோர்வு வாட்டுகிறது. மாத்திரைகள் பலன் தரவில்லை. இப்போது சோறு தண்ணீரையும் ஒதுக்கிவிட்டு, கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் படுத்தே கிடக்கிறார். தஞ்சாவூரில் நாங்கள் பார்க்கும் மனநல மருத்துவர், இனியும் மருந்தை நம்பிக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, தலையில் சிறிதளவு மின்சாரம் செலுத்தி வலிப்பை உண்டாக்கும் மின்வலிப்புச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். தாய்மாமாவோ, “ஷாக் வைத்தால் புத்தி மழுங்கிவிடும், மனநோய் தீர வேண்டித் தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைப்போம்” என்கிறார். இச்சிகிச்சை பெற்றவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

பதில் (கும்பகோணம்):
என் கணவருக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. கட்டிப்போட்டுக் கதறக் கதற மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்றுதான் நாங்களும் அஞ்சினோம். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இதைச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என, மொத்தம் 6 முதல் 12 முறை அளிப்பது வழக்கம். பாதி முடிவதற்குள் அவராகவே பசிக்கிறது என்றார். குணசீலப் பெருமாளிடம் வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் உண்ணாமல் கிடப்பவரின் உடல் 48 நாள் தாங்காது என்பதை மாமாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பதில் (திருவாரூர்):
சிகிச்சை பெற்றவள் நான். இன்று உயிரோடிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் நான் சாப்பிடத் தொடங்கியதும் குடும்பத்தாருக்கு விஷயம் முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை. தங்கையின் வளைகாப்பும் அவ்வருடக் குறுவை அறுவடையும் என் நினைவில் இல்லை. வேறு பல நினைவுகள் சில மாதங்களில் திரும்பின, இவ்விரண்டும் திரும்பவில்லை. நினைவு போனதைக் காட்டிலும், போகக்கூடும் என்று முன்கூட்டியே ஒருவரும் சொல்லாததுதான் இன்றும் வலிக்கிறது. உறவினர்களிடம் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி மறைத்துவிட்டதால், இதைப் பற்றி மனம்விட்டுப் பேசவும் எனக்கு ஆளில்லாமல் போயிற்று. அம்மா பதில் சொல்லாவிட்டாலும் அருகில் உட்கார்ந்து, என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

பதில் (மயிலாடுதுறை, ஓய்வுபெற்ற செவிலியர்):
1938இல் ரோமில் இச்சிகிச்சை தொடங்கியபோது மயக்க மருந்து தரப்படவில்லை. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. இன்றுள்ள அச்சத்துக்கு அக்காலமும் ஒரு காரணம். திருவாரூர்ச் சகோதரி சொன்னதைத்தான் நானும் வலியுறுத்துகிறேன்: இப்போது குடும்பத்தார் கையெழுத்திட நேர்ந்தாலும், அம்மா தெளிவடைந்தவுடன் அவருடைய சம்மதத்தைக் கேட்டே தொடர வேண்டும். தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் அளித்தால் நினைவுப் பாதிப்பு குறையும். அம்மாவின் நிலைக்கு அது போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதயமும் இரத்த அழுத்தமும் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதை முதலிலேயே பரிசோதிப்பார்கள். குணமானதும் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவர்களில் பலருக்குச் சில மாதங்களிலேயே நோய் திரும்பிவிடுகிறது.