ஆல்பைன் முகவரிப் புத்தகம்: செர்வரிலா, நம் கணினியிலா?

கரூர்_தறி:
கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறோம். பகலில் அலுவலகக் கணினி, இரவில் வீட்டு மடிக்கணினி, இரண்டிலும் மடல் பார்ப்பது ஆல்பைன் என்ற மென்பொருளில்தான். ஒன்றில் பையர் (சரக்கு வாங்குபவர்) முகவரியை மாற்றினால் மற்றதில் பழையதே கிடக்கிறது. போன மாதம் ஒரு விலைப்பட்டியல் பழைய முகவரிக்குப் போய்விட்டது. முகவரிப் புத்தகத்தை ஐமேப் செர்வரில் (மடல்கள் தங்கும், எந்தக் கணினியிலிருந்தும் பார்க்கக்கூடிய செர்வர்) வைக்கலாம் என்கிறேன், என் கூட்டாளி கூடாது என்கிறார்.

நொய்யல்கரை:
தாராளமா வையுங்க. ஆல்பைனுக்கு முன்னோடியான பைன் காலத்திலிருந்தே இருக்கும் வசதி. செர்வரில் ஒரு தனி மடல் பெட்டி, அதில் கடைசியாகக் கிடக்கும் மடல்தான் உங்கள் புத்தகம். திருத்தும்போதெல்லாம் புதிய மடல் சேரும், பழைய பிரதிகளில் 3 தங்கும். தவறுதலாக ஒரு பெயரை அழித்தாலும் தேடி எடுக்கலாம். நீங்கள் திருத்தத் தொடங்கும்போது, வேறு கணினியில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஆல்பைன் கட்டாயம் பார்த்துக்கொள்ளும். அந்தப் பெட்டியில் வேறு மடல் எதையும் போட்டுவிடாதீர்கள்.

பவானி_கூடல்:
வசதி சரிங்க, செர்வர் யாருடையது? நம்ம பக்கம் பையர் பட்டியல்தான் தொழிலே. அதை இன்னொருவர் இடத்தில் வெறும் எழுத்தாக வைத்தால் அங்கே நிர்வாகம் பார்ப்பவர் திறந்து படிக்கலாம். டிஎல்எஸ் என்ற மறையாக்கம் (போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது) வழியைத்தான் காக்கும், போய்ச் சேர்ந்த பிறகு காக்காது. நான் ஈரோடு கடைக்கும் வீட்டுக்கும் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக ஆர்சிங்க் (கோப்புகளைக் கணினிகளுக்கிடையே நகலெடுக்கும் கருவி) செய்கிறேன்.

நொய்யல்கரை:
உங்கள் மடல்களும் அதே மாதிரி ஒரு செர்வரில்தானே இருக்கின்றன? ஒவ்வொன்றின் தலைப்பிலும் பையர் முகவரி இருக்கிறதே. புத்தகத்தை மட்டும் ஒளித்து என்ன ஆகப்போகிறது? ஆர்சிங்க்கில் இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால் ஒரு பக்கத்துத் திருத்தம் போயே போச்சு.

பவானி_கூடல்:
மடலில் முகவரிதான் இருக்கிறது. புத்தகத்தில் என் குறிப்பும் இருக்கிறது: யார் 60 நாளில் பணம் தருவார், யாருக்கு என்ன விலை. அதை வெளியே விட மனம் வராது. தவிர, செர்வரில் வைத்தாலும் ஆல்பைன் திறக்கும் கணினியில் ஒரு நகலை வைத்துக்கொள்ளும். வெளியூரில் அடுத்தவர் கணினியில் திறப்பவர்கள் அதையும் யோசிக்கணும்.

காங்கேயம்_மேடு:
கரூர் அண்ணா, அதற்கு முன் அமைப்பில் செர்வர் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸுக்கு முந்தைய பெயர்) இருந்தால் 993 போர்ட்டில் (செர்வரின் இணைப்பு வாசல் எண்) தொடக்கத்திலிருந்தே மறையாக்கம், நல்லது. 143 என்றால் டிஎல்எஸ் குறிப்பு கட்டாயம் வேண்டும். அது இருந்தால், மறையாக்கம் கிடைக்காதபோது ஆல்பைன் உள்நுழையாமல் நின்றுவிடும். இல்லாவிட்டால் கடவுச்சொல் வெளிப்படையாகப் போக வாய்ப்புண்டு. நோவேலிடேட்-சர்ட் என்று இருந்தால் இன்றைக்கே எடுங்கள். செர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழைச் சரிபார்க்காதே என்று பொருள். யார் செர்வர் வேஷம் போட்டாலும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும்.

கரூர்_தறி:
இருக்கிறது! அமைத்துக் கொடுத்தவர் எச்சரிக்கை வராமல் இருக்கப் போட்டிருக்கிறார். எடுத்ததும் சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்கிறது.

காங்கேயம்_மேடு:
ஐபி எண்ணையோ (செர்வரின் இணைய முகவரி எண்) சுருக்கப் பெயரையோ போட்டிருப்பார். சான்றிதழில் உள்ள முழுப் பெயரைப் போடுங்க. அப்புறம் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

கரூர்_தறி:
ஐபி எண்தான் இருந்தது. மாற்றியதும் எச்சரிக்கை இல்லாமல் உள்ளே போகிறது. கடவுச்சொல்லும் மாற்றியாச்சு. பெயரும் முகவரியும் செர்வரில், விலைக் குறிப்புகள் வீட்டு மடிக்கணினியில் தனிப் புத்தகமாக. ஆல்பைனில் இரண்டையும் சேர்த்தே வைக்க முடிகிறது.

பவானி_கூடல்:
குறிப்பைப் பிரித்தீர்களே, அது போதும். முகவரியும் வீட்டிலேயே இருக்கணும் என்பதில் நான் மாறவில்லை.