புதுப்பிப்பு: ஜெர்மனிக்குச் செல்வதா, கொழிஞ்சாம்பாறையிலேயே இருப்பதா?

பக்கவாதத்திலிருந்து தேறிவரும் அப்பாவைக் கேரளத்தில், எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையில் விட்டுவிட்டுச் செவிலியர் வேலைக்காக ஜெர்மனிக்குச் செல்லலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். செல்வதென்று முடிவாகிவிட்டது, ஆனால் உடனே அல்ல.

உங்களில் சிலர் சொன்ன, வெளிநாடு செல்லும் கேரள மக்களுக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் நடத்தும், செவிலியர்களை ஜெர்மனிக்கு அனுப்பும் டிரிபிள் வின் திட்டத்துக்கே விண்ணப்பிக்கிறேன். பி1 என்ற இடைநிலை வரை ஜெர்மன் மொழியைக் கேரளத்திலேயே படித்துவிட்டு, அதற்கடுத்த பி2 நிலையை அங்கே சென்றபின் முடிக்கலாம் என்பதால், வகுப்புக்காக வெளியூரில் தங்கினாலும் வார இறுதியில் வீட்டுக்கு வந்துவிட முடியும். முன்பு ஒரு தனியார் முகவரிடம் கட்டிய பணம் திரும்பவில்லை. அதை எழுதினால் கோபம்தான் வரும்.

என் தயக்கத்தை உடைத்தவர் அப்பாதான். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களை இடது கையாலேயே ஒவ்வொன்றாகப் போட்டு முடித்துவிட்டு, "நீ போ கண்ணு, பொள்ளாச்சியில அண்ணன் இருக்கான், தினமும் ஒரு தடவ கூப்பிட்டா போதும்" என்றார். அங்கே மாலை 4 மணிக்கு வேலை முடிந்து அழைத்தால், கோடையில் இங்கே இரவு 7.30, குளிர்காலத்திலோ 8.30 ஆகிவிடும். அவர் எட்டு மணிக்கே படுத்துவிடுவார் என்பதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.