பிளேஆஃப் வாசலில் நிற்கும் என்.எச்.எல். அணிகளை எதை வைத்து எடைபோடுவது?

நீலக்கோடு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியின் லீக் சுற்று முடிந்து, 16 அணிகள் ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃபுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே சந்தேகம் எழுகிறது. இந்த அணிகளின் உண்மையான பலத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது? புள்ளிப்பட்டியலை நம்பினால் அது அடிக்கடி காலை வாரிவிடுகிறது. 2018-19இல் டாம்பா பே லைட்னிங் 62 வெற்றிகளுடன் 128 புள்ளிகள் சேர்த்துவிட்டு, முதல் சுற்றிலேயே கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் 0-4 என்று வெளியேறியது. 2022-23இல் பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றி, 135 புள்ளி என்று அதற்கு முன் எவரும் எட்டாத உயரத்தைத் தொட்டது. ஆனால் உள்ளே வந்த 16 அணிகளிலேயே மிகக் குறைவாக 92 புள்ளிகள் மட்டும் வைத்திருந்த புளோரிடா பாந்தர்ஸ், தொடரில் 1-3 எனப் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து எழுந்து, ஏழாவது ஆட்டத்தின் ஓவர்டைமில் அந்த அணியை வீழ்த்தியது. லீக் சுற்றின் முதலிடத்துக்கான பிரெசிடென்ட்ஸ் கோப்பையையும் ஸ்டான்லி கோப்பையையும் 2013இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் சேர்த்து வென்ற பிறகு, 2025 வரை வேறெந்த அணியாலும் அது முடியவில்லை.

எனவே மொத்தப் புள்ளிகளைப் பார்ப்பதா, கடைசி இருபது ஆட்டங்களின் வேகத்தைப் பார்ப்பதா, அல்லது கோல்கீப்பர் ஒருவரைப் பார்த்தாலே போதுமா? நீண்ட காலமாக இந்த ஆட்டத்தைத் தொடர்கிறவர்கள் எந்த வரிசையில் பார்க்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

---

மூன்றாவது லைன் எழுதியது:

புள்ளிப்பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. லீக் சுற்றில் சமனில் முடியும் ஆட்டம் ஐந்து நிமிட ஓவர்டைமுக்குச் செல்கிறது. 2015-16 முதல் அங்கே ஒவ்வொரு பக்கமும் மூன்று ஆட்டக்காரர்களே களத்தில் இருக்கிறார்கள். அதிலும் முடிவு வராவிட்டால் ஷூட்அவுட். இந்த இரண்டில் எதில் தோற்றாலும் ஒரு புள்ளி கிடைத்துவிடுகிறது. பிளேஆஃபில் இவை எதுவுமே கிடையாது. அங்கே ஐந்து பேருக்கு ஐந்து பேர், இருபது நிமிடப் பகுதிகளாக, ஒரு கோல் விழும்வரை ஆட வேண்டும். ஆகவே மூன்று பேர் ஆட்டத்திலும் ஷூட்அவுட்டிலும் ஓர் அணி சேர்த்த வெற்றிகளை முதலில் கழித்துவிட்டு, அறுபது நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். லீக் நிர்வாகமே 2019-20 முதல், புள்ளிகள் சமமாக இருக்கும் அணிகளைப் பிரிப்பதற்கு இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறது. கோல் வித்தியாசத்தைப் பார்க்கும்போதும் ஐந்துக்கு ஐந்து ஆடிய நேரத்தைத் தனியே பிரித்தெடுப்பது நல்லது.

அதற்கு அடுத்தபடி, கோல்களைவிட ஷாட்களே அணியின் இயல்பை விரைவாகக் காட்டுகின்றன. கோல் என்பது அரிதான நிகழ்வு. ஐந்துக்கு ஐந்தில் கோலை நோக்கிச் செல்லும் ஷாட்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுதான் உள்ளே போகிறது. வலையை எட்டியவை, தடுக்கப்பட்டவை, விலகிப்போனவை என எல்லா முயற்சிகளையும் சேர்த்து, இரு அணிகளின் மொத்தத்தில் ஓர் அணியின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் முறைக்குக் கோர்சி என்று பெயர்; பஃபலோ அணியின் கோல்கீப்பிங் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர்தான் அது. எங்கிருந்து, எந்த வகையில் அடிக்கப்பட்டது, தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) அடித்ததா என்பதையெல்லாம் எடைபோட்டு ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்புக்கு ஒரு மதிப்புத் தரும் எக்ஸ்பெக்டட் கோல் முறை அதைவிட நுட்பமானது. ஒரு எச்சரிக்கை: முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கித் தற்காக்கும், பின்தங்கிய அணி கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் அடிக்கும். ஸ்கோர் நிலைக்கு ஏற்பத் திருத்தப்படாத எண்ணிக்கை நம்மைத் தவறான பக்கம் இழுத்துச் செல்லும்.

இதற்குப் பொருத்தமான உதாரணம் 2013-14இன் கொலராடோ அவலாஞ்ச். அந்த அணி 112 புள்ளிகள் எடுத்துத் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் ஷாட்களில் பெரும்பாலும் எதிரணிகளே முந்தியிருந்தன. அடித்தது வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போனதும், செமியோன் வர்லாமோவ் வழக்கத்தைவிட அதிகமாகத் தடுத்ததும் சேர்ந்துதான் அந்த இடத்தைப் பெற்றுத் தந்தன. ஷூட்டிங் விகிதத்தையும் (தன் ஷாட்களில் கோலானவற்றின் பங்கு) சேவ் விகிதத்தையும் (எதிரணி ஷாட்களில் கோல்கீப்பர் தடுத்தவற்றின் பங்கு) கூட்டினால் வரும் பி.டி.ஓ. என்ற எண் லீக் முழுவதற்கும் 100. ஓர் அணி அதைவிட வெகுவாக உயர்ந்து நின்றால், அந்த உயரம் நீடிக்காது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். கொலராடோ முதல் சுற்றில் மினசோட்டாவிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றது, மறு ஆண்டு பிளேஆஃபுக்கே வரவில்லை.

நேர்மாறான உதாரணம் 2012இன் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ். கோல் அடிப்பதில் 30 அணிகளில் 29ஆம் இடம், 95 புள்ளிகள், மேற்கு அணிகளில் எட்டாவதாக நுழைந்தது. பட்டியலைப் பார்த்தவர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் டிசம்பரில் டேரில் சட்டர் பயிற்சியாளராக வந்து, பிப்ரவரியில் ஜெஃப் கார்ட்டரும் சேர்ந்த பிறகு, பக் பெரும்பாலும் எதிரணியின் பகுதியிலேயே கிடந்தது. வராமல் இருந்தது கோல் மட்டுமே. பிளேஆஃபில் அதுவும் வந்தது. நான்கு தொடர்களிலும் 3-0 என்று முன்னேறி, மொத்தம் நான்கே ஆட்டங்களைத் தோற்றுக் கோப்பையை எடுத்தது.

கடைசி இருபது ஆட்டங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அதை நான் மிகக் குறைவாகவே மதிக்கிறேன். மார்ச் மாத வர்த்தகக் கெடு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான கடைசி நாள், நெருங்கும்போது வாய்ப்பிழந்த அணிகள் தங்கள் மூத்த ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு இளைஞர்களைக் களமிறக்குகின்றன. இடம் உறுதியான அணிகள் முக்கியமானவர்களுக்கு ஓய்வு தருகின்றன. அந்த வாரங்களில் குவிக்கும் வெற்றிகளின் தரம் வேறு. அணியே மாறியிருந்தால் மட்டும் விதிவிலக்கு: பயிற்சியாளர் மாறியிருக்க வேண்டும், அல்லது பெரிய ஆள் ஒருவர் வந்திருக்க வேண்டும். 2019 ஜனவரி 3ஆம் தேதி காலை லீக்கிலேயே கடைசி இடத்தில் இருந்த செயின்ட் லூயிஸ் புளூஸ், புதிய பயிற்சியாளர் கிரெய்க் பெருபேயின் கீழ் வேறோர் அணியாகி அந்த ஆண்டே கோப்பையை வென்றது. அங்கேயும் பார்க்க வேண்டியது கடைசி இருபது ஆட்டங்களை அல்ல, மாற்றத்துக்குப் பிந்தைய பாதிப் பருவத்தை.

---

வலைக்காவல் எழுதியது:

மேலே நண்பர் புளூஸ் அணியைக் குறிப்பிட்டுவிட்டு ஜோர்டன் பின்னிங்டனின் பெயரைச் சொல்லாமல் கடந்துவிட்டார். அந்த ஜனவரியில் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து வலை காக்க வந்து, 24 வெற்றி, 5 தோல்வி, ஒரு ஓவர்டைம் தோல்வி என்று பருவத்தை முடித்த புதுமுகம் அவர். 2003இல் அனஹைமின் ஜான்-செபாஸ்டியன் ஜிகேர் இறுதித் தொடரில் தோற்ற அணியில் இருந்தும் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்றார். 2010இல் 121 புள்ளிகள் எடுத்த வாஷிங்டனை மாண்ட்ரியல் வெளியேற்றியபோது, ஆறாவது ஆட்டத்தில் மட்டும் யாரோஸ்லாவ் ஹாலக் 53 ஷாட்களைத் தடுத்தார். நண்பர் கொண்டாடும் கிங்ஸ் அணிக்கும் ஜானதன் குவிக்கின் .946 சேவ் விகிதம் பின்னால் இருந்தது. ஆகவே கோல்கீப்பரே தொடரின் விதியைத் தீர்மானிக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. எந்தக் கோல்கீப்பர் தீர்மானிக்கப் போகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. 2024-25இல் வினிபெக் ஜெட்ஸின் கானர் ஹெல்லபக், சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதையும் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதையும் சேர்த்தே பெற்றார். அதே ஆண்டின் முதல் சுற்றில் செயின்ட் லூயிஸில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் நடுவிலேயே வெளியே எடுக்கப்பட்டார். கணக்கைப் பாருங்கள். ஏழு ஆட்டத் தொடரில் ஒரு கோல்கீப்பர் சுமார் 200 ஷாட்களைச் சந்திக்கிறார். .920 விகிதக்காரருக்கும் .910 விகிதக்காரருக்கும் இடையே அதில் வருவது இரண்டு கோல் வித்தியாசம். வெறும் தற்செயலால் மட்டுமே இந்த எண்ணிக்கை நான்கு கோல் இப்படியும் அப்படியும் ஆடக்கூடும். திறமையின் வித்தியாசத்தைத் தற்செயல் விழுங்கிவிடுகிறது.

எனவே நான் கோல்கீப்பரை இந்தப் பருவத்தின் எண்ணால் அல்ல, மூன்று பருவங்களின் எண்ணால் பார்க்கிறேன். அவர் எத்தனை ஆட்டங்கள் ஆடிக் களைத்திருக்கிறார், இரண்டாவது கோல்கீப்பர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட 2023இன் பாஸ்டன்-புளோரிடா தொடரில், இரு அணிகளுமே தொடங்கிய கோல்கீப்பரோடு முடிக்கவில்லை. புளோரிடாவில் அலெக்ஸ் லயனின் இடத்துக்குத் தொடரின் நடுவிலேயே செர்கெய் பொப்ரோவ்ஸ்கி வந்தார். பாஸ்டனில் அந்த ஆண்டின் வெசினா விருதைப் பெறவிருந்த லினஸ் உல்மார்க் ஏழாவது ஆட்டத்தில் உட்கார்ந்திருக்க, ஜெரமி ஸ்வேமன் ஆடினார்.

---

கடைசி மாற்றம் எழுதியது:

இருவரும் அணியைத் தனியே நிறுத்தி எடைபோடுகிறீர்கள். பிளேஆஃப் என்பது ஒரே எதிரணியோடு இரண்டு வாரம். ஆட்டம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கும்போது வெளியூர் அணி தன் ஆட்களை முதலில் அனுப்ப வேண்டும். உள்ளூர் பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களை அனுப்பலாம். எதிரணியின் நட்சத்திர லைனுக்கு (ஒன்றாகக் களமிறங்கும் மூன்று முன்கள ஆட்டக்காரர்களுக்கு) எதிராக அலெக்சாண்டர் பார்கோவ் போன்ற தற்காப்பு வல்லமை உள்ள சென்டரை ஆட்டத்துக்கு ஆட்டம் நிறுத்தக்கூடிய அணிக்கு, லீக் சுற்றின் பொது எண்களில் தெரியாத ஒரு வலிமை இருக்கிறது. வலைக்காவல் கோல்கீப்பரை மட்டும் புகழ்ந்த 2010 தொடரில், லீக்கில் முதலிடத்தில் இருந்த வாஷிங்டனின் பவர் பிளே (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்து ஆட்டம்) 33 வாய்ப்புகளில் ஒரே ஒரு கோல்தான் அடித்தது. ஹாலக் தடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் தினமும் அதே பவர் பிளேயைப் பார்க்கும் எதிரணிக்கு அதன் சூத்திரம் பழகிவிடுகிறது என்பதும் உண்மை.

இன்னொன்று, பட்டியலில் இருக்கும் அணியும் களமிறங்கும் அணியும் ஒன்றுதானா என்று பாருங்கள். 2021இல் இடுப்பு அறுவை சிகிச்சை காரணமாக லீக் சுற்று முழுவதையும் ஆடாத நிகிதா குச்செரோவ், முதல் பிளேஆஃப் ஆட்டத்தில் திரும்பி வந்து, அந்த பிளேஆஃபில் 32 புள்ளிகளோடு (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த எண்ணிக்கை) அனைவரையும் முந்தினார். அவர் இல்லாமல் டாம்பா பே எடுத்த எண்களை வைத்து யாராவது கணித்திருந்தால் அது வேறோர் அணியைப் பற்றிய கணிப்பு. பாஸ்டன் கதையிலும் பாட்ரிஸ் பெர்ஜெரான் முதல் நான்கு ஆட்டங்களில் இல்லை.

---

நீலக்கோடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. இவையனைத்தையும் பார்த்து ஓர் அணி தெளிவாகச் சிறந்தது என்று முடிவு செய்தால், அதற்குக் கோப்பை வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வது நியாயம்?

---

மூன்றாவது லைன் எழுதியது:

சிறு கணக்கு போதும். சந்திக்கும் ஒவ்வோர் எதிரணியையும், ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்புள்ள அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஆஃப் தரத்தில் அது மிகத் தாராளமான மதிப்பீடு. அந்த அணி ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை வெல்லும் வாய்ப்பு சுமார் 71 விழுக்காடு. நான்கு தொடர்களையும் வெல்லும் வாய்ப்பு சுமார் 25 விழுக்காடு. ஓர் ஆட்டத்துக்கு 55 என்று வைத்தால் கோப்பை வாய்ப்பு 14க்கு இறங்கிவிடும். ஆகவே லீக் சுற்றின் முதலிட அணி பெரும்பாலான ஆண்டுகளில் தோற்பதற்குச் சாபம் எதையும் தேட வேண்டியதில்லை. 2019இல் அவமானப்பட்ட டாம்பா பே, பயிற்சியாளர் ஜான் கூப்பரையும் முக்கிய ஆட்டக்காரர்களையும் அப்படியே வைத்துக்கொண்டு 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வென்றது. அந்த அணியைப் பலமானது என்று 2019இல் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். முடிவு மட்டும் வேறாக வந்தது.

கடைசி மாற்றம் சொன்னதை நான் பெருமளவு ஏற்கிறேன், பவர் பிளே பற்றிய பகுதியைத் தவிர. 33 வாய்ப்பு என்பது எதையும் நிறுவுவதற்கு மிகச் சிறிய எண்ணிக்கை. எதிரணி பழகிக்கொண்டதா, பக் உள்ளே போகாமல் போனதா என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது.

உங்கள் வரிசைக் கேள்விக்கு என் பதில்: முழுப் பருவத்தின் ஐந்துக்கு ஐந்து எக்ஸ்பெக்டட் கோல் பங்கு முதலில், காயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கும் இல்லாமல் போகிறவர்களுக்கும் அதில் கூட்டல் கழித்தல், பிறகு கோல்கீப்பரின் மூன்று பருவச் சராசரி, எதிரணிப் பொருத்தம் அதற்கும் பிறகு, சிறிய அளவில். தொடர் தொடங்கிய பின் முதல் ஆட்டத்தின் ஸ்கோரைக் கண்டு இந்த மதிப்பீட்டை மாற்றாதீர்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் யாரேனும் வராமல் போனால் மாற்றுங்கள்.