மினி டிராக்டர்: பம்ப் பக்கம் டீசல் கசிவு, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது

கேள்வி:
மூணு சிலிண்டர், 24 எச்.பி. மினி டிராக்டர். ரோட்டவேட்டர் ஓட்டிட்டு நிறுத்தினா டீசல் பம்ப் பக்கம் முழுக்க ஈரம், அதுமேல மண் அப்பிக்கிடக்கு. ராத்திரி நின்ன இடத்துல உள்ளங்கை அளவுக்குக் கறை. காலையில ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாதான் ஸ்டார்ட் ஆகுது, ஆனதும் அமுங்கி அமுங்கி எழும்புது. டீசல் ஃபில்டர் மாத்தின பிறகுதான் இப்படி. நட்டு எல்லாத்தையும் இறுக்கியாச்சு, நிக்கல. பம்பைக் கழட்டி சர்வீஸ் பண்ணணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

பதில் 1:
பம்பை இப்போதைக்குத் தொடாதீங்க. வண்டி நிக்கும்போது ஒழுகுது, காலையில டீசல் லைன்ல ஏர் (காத்து) பிடிக்குது. ரெண்டும் சேர்ந்து வந்தா டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல உள்ள லைனைத்தான் முதல்ல சந்தேகப்படணும். பம்புல இருந்து நாசிலுக்கு (சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கறது) போற ஸ்டீல் பைப் லீக்கா இருந்தா இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் தெளிக்கும். உங்களுக்கு ராத்திரியில கறை விழுது. டேங்க் மேல இருக்கறதால அந்த எடைக்கு டீசல் வெளியே வருது. டேங்க் அடியில இருக்கற டேப்பை (திருகு குழாய்) மூடி வச்சா அதே இடைவெளி வழியா ஃபில்டர்ல உள்ள டீசல் இறங்கி, காத்து உள்ளே போகுது.

இன்ஜின் ஆறின பிறகு அந்தப் பக்கம் முழுக்க பிரஷ் போட்டுக் கழுவி, துணியால நல்லாத் துடைச்சுக் காய விடுங்க. ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் முகப்பவுடர் தூவுங்க. டேப்பைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணாம அரை மணி நேரம் விடுங்க. பவுடர் எங்க நனையுதுன்னு பாருங்க. டீசல் கீழேதான் வழியும், அதனால நனைஞ்சதுல எது எல்லாத்துக்கும் மேல இருக்கோ அதுதான் ஒழுகற இடம். எதுவும் நனையலைன்னா ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஐடிலில் விட்டுப் பாருங்க.

ஃபில்டர் மாத்தின பிறகு வந்த லீக்குன்னா பழைய ரப்பர் ரிங் ஃபில்டர் ஹெட்டுலயே (ஃபில்டர் மாட்டற மேல் பாகம்) ஒட்டிக்கிட்டு, அதுமேல புதுசு உட்கார்ந்திருக்கும். இதுதான் அதிகம் நடக்கறது. பள்ளத்தை வழிச்சுச் சுத்தம் பண்ணி, புது ரிங்கில் டீசல் தடவிப் போடுங்க. அடுத்தது பான்ஜோ போல்ட்டின் (பைப் நுனியில உள்ள வளையத்தை மாட்டற போல்ட்) காப்பர் வாஷர். அந்த வளையத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டையும் புதுசா போடணும். ஒரு தடவை நசுங்கின காப்பர் கெட்டியாயிடும், திரும்ப சீல் ஆகாது. அவசரத்துக்கு, சிவக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கி எடுத்தா மெதுவாகும். அந்த போல்ட் உள்ளே துளை உள்ளது. லீக் நிக்கலன்னு மேல மேல இறுக்கினா போல்ட் முறியும், இல்ல அலுமினிய ஹெட்டின் மரை போகும்.

பதில் 2:
ஓடற இன்ஜின்ல ஸ்டீல் பைப் ஜாயின்ட்டைக் கையால தடவிப் பார்க்கவே கூடாது. அங்க 100 பார் (bar) அளவுக்கு மேல பிரஷர். ஊசி மாதிரி தோலுக்குள்ள டீசல் இறங்கிடும்; வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா உடனே ஆபரேஷன் பண்ண வேண்டிய காயம் அது. நீளமா ஒரு அட்டையைப் பிடிச்சுப் பாருங்க.

ஸ்டீல் பைப்போட பம்ப் பக்க நட்டை இறுக்கும்போது, அதுக்குக் கீழ பம்புல திருகியிருக்கற டெலிவரி வால்வ் ஹோல்டரை இன்னொரு ஸ்பேனரால பிடிச்சுக்கணும். இல்லன்னா அதுவும் சேர்ந்து திரும்பி, அடியில இருக்கற சீல் போகும், லீக் இன்னொரு இடத்துல ஆரம்பிக்கும். டெஃப்லான் டேப் எங்கயும் சுத்தாதீங்க. அதோட நார் நாசிலை அடைக்கும்.

கேட்டவர்:
பவுடர் போட்டதுல ஃபில்டர்ல இருந்து டீசல் வெளியே போற பான்ஜோ போல்ட் அடியில நனையுது. இன்னொண்ணு, ஆயில் குச்சியில லெவல் மேல் கோட்டைத் தாண்டியிருக்கு. ஆயில் ஊத்தவே இல்ல.

பதில் 2:
ஆயில் லெவல் ஏறியிருக்குன்னா அது உள்ளே நடக்கற தனி லீக், அதுதான் ஆபத்தானது. இன்ஜினை ஓட்டாதீங்க. குச்சியில இருந்து ஒரு சொட்டை நியூஸ்பேப்பர்ல விடுங்க. கறுப்புப் புள்ளியைச் சுத்தி வெளுத்த எண்ணெய் வளையம் அகலமாப் பரவினா, ஆயில்ல டீசல் கலந்திருக்கு. மோந்து பார்த்தாலும் தெரியும். ஆயில் நீர்த்துப்போனா பேரிங் தேயும். லெவல் ஏறினா இன்ஜின் அந்த ஆயிலையே எரிச்சு, ஸ்டாப் இழுத்தாலும் நிக்காம ரேஸ் ஆகலாம்.

டேங்குல இருந்து டீசலை இழுத்துத் தள்ளற ஃபீட் பம்ப், டயஃப்ரம் (சவ்வு) வச்சதுன்னா அதைக் கழட்டி, டேங்க் பைப்பை மட்டும் மாட்டி, லிவரைக் கையால அடிங்க. லிவர் பக்கம் டீசல் சொட்டினா டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு. சொட்டலைன்னா மட்டும் பெரிய பம்பைக் கழட்டி, பம்ப் நாசில் வேலை செய்யற கடைக்குக் கொண்டுபோங்க. எதுவா இருந்தாலும் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்தாம ஓட்டக்கூடாது.

பதில் 1:
சரி பண்ணின பிறகு லைன்ல உள்ள ஏரை வெளியே எடுக்கணும். ஃபில்டர் மேல இருக்கற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்னு டீசல் மட்டும் வர்ற வரைக்கும் பிரைமரை (கையால டீசல் ஏத்தற சின்னப் பம்ப்) அடிச்சு, அடிச்சுக்கிட்டே மூடுங்க. அடுத்து பம்பில் உள்ள ஸ்க்ரூ. அப்புறமும் பிடிக்கலைன்னா நாசில் பக்கம் உள்ள மூணு ஸ்டீல் பைப் நட்டையும் அரைச் சுத்து தளர்த்தி செல்ஃப் அடிங்க, டீசல் வந்ததும் இறுக்குங்க. செல்ஃபை ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல அடிக்காம, நடுவுல ஆற விடுங்க. டேங்க் மூடியின் காத்து ஓட்டை மண்ணடைச்சிருக்கான்னும் பாருங்க. அடைச்சிருந்தா டேங்குக்குள்ள உறிஞ்சல் உண்டாகி, நல்ல ஜாயின்ட்டும் ஏர் இழுக்கும்.