டர்பன் கிளென்வுட்டில் 150 சதுர மீட்டர் பழைய பிளாட்: கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்கணும்?

மேட்டுவீடு

வணக்கம். கிளென்வுட்டில் ஹெலன் ஜோசப் ரோட்டுக்குப் (பழைய டேவன்போர்ட் ரோடு) பக்கத்துத் தெருவில் ஒரு பிளாட் விலைக்கு வந்திருக்கு. மூணாவது மாடி, மூணு படுக்கையறை, 150 சதுர மீட்டர். உயரமான கூரை, மரத்தரை. தெருப் பக்கத்து பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி ஒரு அறையாக்கி இருக்காங்க. விலை 15 லட்சம் ராண்ட், லெவி (கட்டடப் பொதுச் செலவுக்கு மாதாமாதம் கட்டுற காசு) மாதம் 3,900. டர்பனுக்கு வடக்கே கடலோர உம்ஷ்லாங்காவின் புதுக் கட்டடங்களில் இந்தக் காசுக்கு இவ்வளவு இடம் கிடைக்காது. கீழே கடைகள், நடக்கிற தூரத்தில் பல்கலைக்கழகம், எல்லா இனத்துக் குடும்பங்களும் இருக்கிற தெரு. அப்பா அம்மாவும் எங்களோடு இருப்பாங்க. ஏஜென்ட் வெள்ளிக்கிழமைக்குள் ஆஃபர் கொடுக்கச் சொல்றார். சுவரும் தரையும் நல்லா இருக்கு. வேறென்ன பார்க்கணும்?

லெவிக்கணக்கு

முதலில் ஒன்று கேளுங்கள்: இது செக்‌ஷனல் டைட்டிலா, ஷேர் பிளாக்கா? டர்பனின் பழைய கட்டடங்களில் இரண்டும் உண்டு. ஷேர் பிளாக் என்றால் உங்கள் பெயரில் பத்திரம் வராது. ஒரு கம்பெனியின் பங்கும், அந்த பிளாட்டில் குடியிருக்கும் உரிமையும்தான் வரும். அதற்குப் பெரும்பாலான வங்கிகள் வீட்டுக் கடன் தருவதில்லை. செக்‌ஷனல் டைட்டில் என்றால் பிளாட் உங்கள் பெயரிலேயே பத்திரமாகும், அந்தப் பத்திரத்தில் எஸ்.எஸ். என்று தொடங்கும் திட்ட எண் இருக்கும்.

செக்‌ஷனல் டைட்டில்தான் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்குவது 150 சதுர மீட்டர் மட்டுமல்ல, அந்த அளவுக்குக் கட்டடத்தின் செலவிலும் பங்கு வாங்குகிறீர்கள். பார்ட்டிசிபேஷன் கோட்டா என்பது உங்கள் பிளாட்டின் பரப்பை எல்லா பிளாட்களின் மொத்தப் பரப்பால் வகுத்து வருவது. மொத்தம் 6,000 சதுர மீட்டர் என்றால் உங்கள் பங்கு 2.5 சதவீதம். நாளைக்கு லிஃப்டுக்கும் வெளிச்சுவருக்கும் 24 லட்சம் ராண்ட் சிறப்பு லெவி (பட்ஜெட்டில் இல்லாத செலவுக்குக் கூடுதலாக வசூலிப்பது) போட்டால் உங்கள் தலையில் 60,000 விழும். அதே கட்டடத்தில் 60 சதுர மீட்டர் பிளாட்காரர் 24,000 கட்டிவிட்டுப் போவார். பெரிய வீடு தேடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

லெவியை வைத்தே கட்டடத்தின் நிலையை எடை போடலாம். 3,900 வீதம் ஆண்டுக்கு 46,800. அது 2.5 சதவீதம் என்றால் முழுக் கட்டடத்துக்கும் வருவது ஏறக்குறைய 18,72,000. அதற்குள் இன்ஷூரன்ஸ், லிஃப்ட், காவல், தண்ணீர், மேனேஜிங் ஏஜென்ட் எல்லாம் அடங்க வேண்டும். இப்போது ரிசர்வ் ஃபண்டில் (பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைக்கும் பணம்) எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஆண்டு முடிவில் அது அன்றாடச் செலவுக்கான நிர்வாக லெவி வரவின் 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அடுத்த ஆண்டு நிர்வாக பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீத அளவுக்கு ரிசர்வுக்குத் தனியாக வசூலிக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கணக்கில் 4,68,000 தான் எல்லைக்கோடு. லெவி குறைவு, ரிசர்வும் காலி என்றால் சிறப்பு லெவி வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமையை மறந்துவிட்டு இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: தணிக்கை செய்த இரண்டு ஆண்டுக் கணக்கு, இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு, 12 மாத டிரஸ்டி (கட்டடத்தை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்) கூட்டக் குறிப்பு, 10 ஆண்டுப் பராமரிப்புத் திட்டம், லெவி பாக்கிப் பட்டியலின் மொத்தத் தொகை. பராமரிப்புத் திட்டம் 2016 அக்டோபரிலிருந்து சட்டப்படி கட்டாயம். அதைக் காட்ட முடியாத பாடி கார்ப்பரேட்டை (எல்லா பிளாட் சொந்தக்காரர்களும் சேர்ந்த அமைப்பு) நம்பி 15 லட்சம் போட வேண்டாம்.

செங்கல்

மேலே சொன்ன கணக்கில் 24 லட்சம் எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலும் கான்கிரீட்டிலிருந்து. கடல்காற்றின் உப்பு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது, பருத்தால் மேலே இருக்கிற கான்கிரீட் வெடித்துக் கழன்று விழும்.

தெருவில் நின்று மேல் மாடி பால்கனிகளின் அடிப்பக்கத்தைப் பாருங்க. மூணு அடையாளம். காபி கறை மாதிரி பழுப்புக் கோடு; கம்பி ஓடுகிற திசையிலேயே நேராகப் போகும் விரிசல்; சுற்றியுள்ள பெயின்டோடு நிறம் ஒட்டாத புதுப் பூச்சு. பிறகு உள்ளே போய், மூடிய பால்கனியின் கூரையிலும் விளிம்பிலும் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்க. நல்ல கான்கிரீட் "டக் டக்" என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே பிரிந்திருந்தால் காலி டின்னைத் தட்டுகிற சத்தம் வரும். கட்டடத்துக்குப் புதுசாக பெயின்ட் அடித்திருந்தால், அதற்கு முன் கான்கிரீட் ரிப்பேர் நடந்ததா என்று இன்வாய்ஸ் கேளுங்க. துருவை எடுக்காமல் மேலே பூசினால் கொஞ்ச காலத்தில் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். பழைய கட்டடங்களில் கால்வனைஸ்டு இரும்புக் குழாய் உள்பக்கம் துரு அடைத்து விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். காலையில் போய், ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு டாய்லெட்டை ஃப்ளஷ் பண்ணுங்க. ஷவர் சொட்டாகிப் போனாலோ, முதல் தண்ணீர் டீ நிறத்தில் வந்தாலோ குழாய் மாற்ற வேண்டியதுதான். டர்பனில் தண்ணீர் நின்றுபோவது புதுசில்லை, அதனால் கட்டடத்துக்குத் தொட்டியும் பம்பும் இருக்கா, மின்சாரம் போனால் பம்ப் ஓடுமா என்பதையும் கேட்டுடுங்க.

கீசர் கட்டடத்தின் பொது இடத்தில் இருந்தாலும், உங்க பிளாட்டுக்கு மட்டும் உரியது என்றால் பராமரிப்பு உங்களுடையது. பெரியவங்க இருக்கிறதால் லிஃப்ட் சர்வீஸ் பதிவேட்டைப் பாருங்க, கடைசி ஆறு மாசத்தில் எத்தனை நாள் நின்றது என்று காவல்காரரிடமே விசாரிக்கலாம்.

மேட்டுவீடு

நன்றி அண்ணா, இருவருக்கும். ஒரு கராஜும் சேர்த்துத்தான் விலைன்னு ஏஜென்ட் சொன்னார், ஆனா ஆஃபர் தாளில் அது இல்லை. மூடின பால்கனிக்கு அனுமதி இருக்கான்னு கேட்டா "எல்லோரும் அப்படித்தான் மூடியிருக்காங்க"ங்கிறார்.

பத்திரம் பார்க்கிறவள்

தாளில் இல்லாததை வாங்குவதாக நினைக்காதீர்கள் தம்பி. நிலம், வீடு விற்பனை எழுத்தில் இருந்து கையெழுத்தானால்தான் செல்லும். கராஜ் மூன்று வகையில் இருக்கலாம். தனி செக்‌ஷனாகப் (பிளாட் போலவே தனிச் சொத்துப் பகுதியாக) பத்திரத்தில் இருக்கலாம். தனிப் பயன்பாட்டு இடமாக டீட்ஸ் ஆபீஸில் (பத்திரப் பதிவு அலுவலகம்) பதிவாகி இருக்கலாம், அதைத் தனி நோட்டரிப் பத்திரம் போட்டு மாற்ற வேண்டும். அல்லது கட்டட விதிகளின்படி அந்த பிளாட்டுக்கு ஒதுக்கியிருக்கலாம். எது என்று கண்டுபிடித்து, கராஜ் எண்ணோடு ஆஃபரில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீடு உங்கள் பெயரில் வந்தாலும் கராஜ் உங்களுக்கு வராமல் போகலாம்.

பால்கனிக்கு, செக்‌ஷனல் பிளானின் (கட்டடத்தின் பதிவான வரைபடம்) நகலை வாங்கி உங்கள் செக்‌ஷனின் கோட்டை விரலால் தொடர்ந்து பாருங்கள். பால்கனி கோட்டுக்கு வெளியே இருந்தால், அதை அறையாக்கியது செக்‌ஷனை நீட்டியதாகும். அதற்குச் சொந்தக்காரர்களின் சிறப்புத் தீர்மானம், எத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் வரைபட அனுமதி, திருத்திப் பதிவுசெய்த பிளான் மூன்றும் வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் பாடி கார்ப்பரேட் எடுக்கச் சொல்லும்போது செலவு உங்களுடையது. 150 சதுர மீட்டர் என்பது பிளானில் உள்ள அளவா, அந்த அறையையும் சேர்த்துச் சொன்னதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். விலையைப் பேசப் பிளான் அளவைத்தான் பிடிக்க வேண்டும்.

2,50,000 ராண்டுக்கு மேற்பட்ட வீட்டுக்கு ஐந்து நாளில் மனம் மாறும் உரிமை கிடையாது. அதனால் நிபந்தனைகள் ஆஃபரிலேயே இருக்கட்டும். இன்ன தேதிக்குள் வங்கிக் கடன் கிடைக்க வேண்டும். லெவிக்கணக்கு சொன்ன தாள்களை ஏழு நாளில் பார்த்துத் திருப்தியானால்தான் செல்லும். பதிவு நாள் வரை தீர்மானமாகும் சிறப்பு லெவி முழுவதும் விற்பவர் பொறுப்பு. கடைசி வரி இல்லையென்றால், உரிமை மாறியபின் மிச்சத் தவணைகள் சட்டப்படி உங்களைத்தான் சேரும். 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிறபடியே வாங்குவது என்ற வரி எப்படியும் இருக்கும். ஆகவே விற்பவர் கையெழுத்திட்ட குறைபாட்டுப் படிவத்தை வாங்கி, ஈரம், கூரை, அனுமதியில்லாத கட்டுமானம் ஆகிய கேள்விகளுக்கு என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அந்தப் படிவம் 2022 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். மரத்தரை என்பதால் மரத்தைத் துளைக்கும் பூச்சி இல்லை என்ற பூச்சிச் சான்றிதழும் கேளுங்கள். மின்சாரச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் டியூட்டி (வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் வரி) 2025 ஏப்ரல் அட்டவணைப்படி 12,10,000 வரை இல்லை, அதற்கு மேலுள்ள 2,90,000க்கு 3 சதவீதம், ஆக 8,700. கன்வேயன்சரை (பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் வக்கீல்) நியமிப்பவர் விற்பவர், கூலி கட்டுபவர் நீங்கள். கடன் பதிவுக்கு வங்கியின் வக்கீல் கூலி வேறு.

கோலமாவு

ஒன்றிரண்டு சேர்க்கிறேன். கட்டட நடத்தை விதிகளைப் படியுங்கள். கதவுக்கு வெளியே உள்ள நடை பொது இடம். அங்கே கோலம், விளக்கு, செருப்பு அலமாரி வைக்க அனுமதி வேண்டியிருக்கும். சாம்பிராணி போட்டால் நடையிலுள்ள புகை அலாரம் அடிக்கிற கட்டடங்களும் உண்டு. அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் முக்கியம். டிரஸ்டிகளிடம் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் எழுத்தில் தந்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஆஃபர் கொடுக்க வேண்டாம், ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போங்கள். பல்கலைக்கழகம் நடக்கிற மாதமாக இருக்கட்டும், விடுமுறையில் தெரு வேறு முகம் காட்டும். தெருப் பக்க படுக்கையறையில் ஜன்னலை மூடிவிட்டுச் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். பழைய ஸ்டீல் ஜன்னல் சட்டம் வளைந்திருந்தால் சத்தமும் மழையும் ஒரே இடுக்கு வழியாகத்தான் வரும்.