பாளையங்கோட்டை வீட்டுக்குச் சோலார் கட்டுபடியாகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்திற்கு 620 யூனிட் ஓடுகிறது. மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்தால் போட்ட பணம் திரும்புமா? அனுபவப்பட்ட அண்ணாச்சிமார் சொல்ல வேண்டும்.

பதில் 1: திரும்பும், தம்பி. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளின் கட்டணமும் உயர்ந்துவிடுவதால், உங்களைப் போன்றவர்களுக்கே இது மிகவும் பயன்படும். மத்திய அரசு மானியமும் 78,000 ரூபாய் உண்டு.

பதில் 2: எனக்கு 3 கிலோவாட் தேவையாகத் தோன்றவில்லை. 2 கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் 480 யூனிட் கழிந்து, மிஞ்சும் 140 யூனிட்டிலும் 100 யூனிட் இலவசமாகவே வந்துவிடுகிறது. மானியம் 60,000 ரூபாய்.

பதில் 3: முதலில் நிழலைப் பாருங்கள். எங்கள் மாடியில் பிற்பகல் மூன்று மணிக்கே அடுத்த வீட்டுத் தென்னையோலை ஒரு தகட்டின் மூலையில் விழுந்து, மொத்த உற்பத்தியையும் குறைத்தது. ஆடிக்காற்றுப் புழுதியையும் வாரந்தோறும் கழுவ வேண்டியிருக்கும்.