தோட்டத்துக் கோயில் திடலில் பெற்றோரின் மணிவிழா

கேள்வி (தோட்டத்து மகள்):
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அப்பா 1966 ஆவணியில், பராபவ ஆண்டில் பிறந்தவர். அதே பராபவ ஆண்டு 2026 இல் திரும்பி வருவதால், ஆவணியில் அவருக்கு மணிவிழா எடுக்கப் பிள்ளைகள் நாங்கள் விரும்புகிறோம். மண்டபம் வேண்டாம் என்று அம்மா மறுத்துவிட்டார். 1988 இல் தாலி கட்டிய அதே மாரியம்மன் கோயில் திடலில், நெருங்கிய உறவினர் மட்டும் சூழ்ந்திருக்க, அப்பாவிடம் தாமே சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் கல்யாணத்தில் பெரியவர்களே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்களாம். சடங்கின் நடுவே இதற்கு இடமுண்டா? மறுபடியும் தாலி கட்ட வேண்டுமா? ஜே.பி.என். எனும் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தில் திருமணத்தை மீண்டும் பதிய வேண்டுமா?

பதில் (கோயில் நிர்வாக உறுப்பினர்):
மகளே, தாராளமாக இடமுண்டு. வேள்வி முடிந்து, பூசித்த கலசங்களின் நீரைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெற்றோர் தலையில் ஊற்றிய பின், இருவரும் புத்தாடை உடுத்தி வந்து மாலை மாற்றுவார்கள். அதன் பிறகே தாலி. அந்த இரண்டுக்கும் இடையில் மேளம் சற்று ஓயட்டும் என்று ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மா பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான நேரமில்லை. அப்பாவும் பதில் சொல்ல வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். பழைய தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. அது கழுத்தில் இருக்க, மஞ்சள் கயிற்றில் கோத்த இன்னொரு தாலியைக் கட்டுவதே பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம். 60 கலசம் வைப்பவர்களும் உண்டு, குறைவாக வைத்தும் செய்யலாம். திறந்தவெளியில் நீர் ஊற்றினால் மண் சேறாகிவிடும் என்பதால், அடியில் பலகை போட்டு, உடை மாற்றக் கோயிலில் ஓர் அறையையும் கேட்டு வையுங்கள்.

பதில் (பேராக் வாசகர்):
மறுபதிவு தேவையில்லை. 1976 ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் அன்றிலிருந்து அதன்படியே பதியப்பட வேண்டும். 1988 இல் பதிந்திருந்தால் மணிவிழா முழுக்க முழுக்கக் குடும்ப நிகழ்ச்சிதான். ஆனால் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தோட்டத்துக் குடும்பங்களும் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், விழாவைவிட அதுதான் அவசரம். சான்றிதழ் இல்லாத மனைவி பிற்காலத்தில் கணவரின் சொத்தில் உரிமை கோரும்போது படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பித்தபின் அறிவிப்பு 21 நாள் பார்வைக்கு வைக்கப்படும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

பதில் (பந்தல் போடுபவர்):
காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். நம் பக்கத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். நிலம் தோட்ட நிறுவனத்துடையது என்றால், நிர்வாகியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, காவலரிடம் ஒரு நகலைக் கொடுத்துவிடுங்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓடாத ஞாயிறே நல்லது.

தோட்டத்து மகள்:
மிக்க நன்றி. சான்றிதழ் இருக்கிறது. அப்பாவும் பேச ஒப்புக்கொண்டுவிட்டார், எழுதிவைத்துப் படிப்பாராம். அவருடைய நட்சத்திரம் வேலை நாளில் வந்தால் விழாவை ஞாயிறுக்கு மாற்றலாமா?

கோயில் நிர்வாக உறுப்பினர்:
மாற்றலாம், மகளே. நட்சத்திர நாளன்று கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, அடுத்து வரும் ஞாயிறுகளில் நல்ல நாளாக ஐயரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.